ஏழு, அஞ்சு, பூஜ்யம்

வாங்க தம்பி, இப்படி ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. கனியைப் பத்தி விசாரிக்க ஆள் வந்திருக்குன்னு வாட்ச்மேன் சொன்னான். கோவில்பட்டியா? மாப்பிள்ளைக்குத் தாய்மாமனா? அப்பச் சரி. தாய்மாமன் நேர்ல வந்து கேக்குறதுதான் மரியாதை. போன்ல கேட்டா நாலு பேர் நாலு விதமாச் சொல்லுவான்.

அந்தப் பொண்ணே என் பேரைச் சொல்லுச்சா? "அய்யாத்துரை அண்ணாச்சியைக் கேளுங்க, நடந்தது அவருக்குத் தெரியும்"னு? பாருங்க. வேலைய விட்டுப் போய் வருஷம் ஒண்ணாச்சு. இன்னும் எம்மேல எம்புட்டு நம்பிக்கை.

நீங்க கேக்க வந்தது என்னன்னு எனக்குத் தெரியும். நீங்க வாயைத் திறக்கவே வேண்டாம். சிவகாசில போன ஆடியில அந்தப் பேச்சு பேசாத பிரஸ் இல்ல. சண்முகக்கனி வேலைய விட்டுப் போறப்போ ஆத்திரத்துல சாமி படத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல இருந்து அழிச்சிட்டுப் போயிட்டா. அது நெசமா, பொய்யா? அதானே? நெசம்னா உங்க மச்சான் இந்தச் சம்பந்தம் வேண்டாம்னுடுவார். சாமி படத்து மேலயே கை வச்சவ நாளைக்கு வீட்டுக்கு வந்து என்ன செய்வாளோன்னு யாருக்கும் தோணத்தான் செய்யும். தப்பில்ல.

சொல்றேன். முழுசாச் சொல்றேன். மறைக்கிறதுக்கு என்கிட்ட ஒண்ணும் கிடையாது. அந்தப் பிள்ளை வாழ்க்கை இதுல இருக்கு, பாதியச் சொல்லிப் பாதிய விழுங்கினா பாவம். டீ வரும், குடிச்சுக்கிட்டே கேளுங்க.

நான் அஞ்சாப்புக்கு மேல போகல. பேப்பர் கட்டு சுமந்துதான் இந்த பிரஸ்ல நுழைஞ்சேன். ஆனா காது மட்டும் ஆண்டவன் நல்லாக் குடுத்திருக்கான். இந்தா, கேக்குதா? நாலாம் நம்பர் மெஷின். தடதடன்னு வந்துக்கிட்டிருந்தது நடுவுல ஒரு முழுங்கு முழுங்குதுல்ல? ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டுப் போகுது. ஏலே! தாளை விசிறி வைங்கடா, எத்தனை தடவை சொல்றது! ஆங். இப்பச் சரியாப் போச்சு. இங்கன உக்காந்துக்கிட்டே எல்லா மெஷினையும் ஓட்டுவேன் தம்பி. காதுதான்.

பிரஸ்ல எல்லாச் சாவியும் என்கிட்டத்தான். பேப்பர் கோடவுன், இங்க் ரூம், முதலாளி மேசை, பின் கேட்டு, எல்லாம். அப்புறம் டிசைன் ரூம்ல கம்ப்யூட்டர் நாலஞ்சு வந்துச்சு. அதுக்கெல்லாம் நடுவுல சர்வர்னு ஒரு பெரிய பெட்டி. பிள்ளைங்க வரையிற படம் பூரா அதுக்குள்ள. முதலாளி ஒரே வார்த்தை சொன்னார்: "மத்த சாவி அண்ணாச்சிகிட்ட இருக்கும்போது இதோட சாவி மட்டும் எதுக்கு வேற இடத்துல?"

நாகர்கோவில்ல இருந்து ஜோயல்னு ஒரு பையன் வந்துதான் அதை மாட்டிக் குடுத்தான். அவன் திகைச்சுப் போயிட்டான். "சார், இவருக்கா? இது கறுப்புத் திரையில டைப் அடிச்சு ஓட்டுற வேலை சார்." அடிச்சா என்ன? வாயால சொல்லு, கேட்டுக்கிறேன்னேன். சொன்னான். கேட்டேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு எழுத்து மறக்கல.

அந்தத் திரை எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு தம்பி. படம் கிடையாது, பளபளப்பு கிடையாது. ஒரு கோடு மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கிட்டு நிக்கும், "சொல்லுங்க"ங்கிற மாதிரி. நீங்க ஒரு வரி அடிச்சா அது நடந்துடும். சரியாச் செஞ்சா ஒரு வார்த்தை பேசாது. தப்புப் பண்ணினாத்தான் வாயைத் திறக்கும். அசல் எங்க பெரிய முதலாளி, இப்ப இருக்கவரோட அப்பா.

உங்களுக்குப் புரியணும்ங்கிறதுக்காகச் சொல்றேன். ஆளுக்கு ஒரு அக்கவுண்ட் உண்டு. பேங்க் அக்கவுண்ட் இல்ல. ஒரு பேர், ஒரு பாஸ்வேர்டு, அந்தப் பேருக்குன்னு உள்ள ஒரு ரூம். இது போக எல்லாரும் படத்தை வைக்கிறதுக்குப் பொதுவா ஒரு இடம். ஆல்பம்னு பேரு. எந்த இடத்துல யார் என்ன செய்யலாம்ங்கிறதுக்கு நம்பர் இருக்கு. நாலுன்னா பாக்கலாம். ரெண்டுன்னா எழுதலாம், அழிக்கலாம். ஒண்ணுன்னா உள்ள நுழையலாம். கூட்டினா ஏழு. ஏழு இருந்தா ராஜா. ரெண்டைப் பிடுங்கிட்டா அஞ்சு, வந்து பாத்துட்டுப் போகலாம், கை வைக்கக் கூடாது. பூஜ்யம்னா வாசலோட சரி. இதே மாதிரி மூணு நம்பர் வரிசையா நிக்கும். முதல் நம்பர் சொந்தக்காரனுக்கு, ரெண்டாவது அவன் கூட்டத்துக்கு, மூணாவது மிச்ச ஊருக்கு.

நான் ஜோயல்கிட்டச் சொன்னேன், "தம்பி, இது எங்க ஊர்க் கோயில்தான். பூசாரி உள்ள போவான், வரி குடுக்கிறவன் மண்டபத்துல நிப்பான், மத்தவன் தெருவுல நின்னு கும்பிட்டுக்குவான்." அவன் "அப்படியும் சொல்லலாம் அண்ணாச்சி"ன்னான்.

இப்பக் கனிக்கு வர்றேன்.

தங்கமான பொண்ணு. இதை நீங்க எழுதி வச்சுக்கிடலாம். அப்பா இல்ல. அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. இந்தப் பொண்ணு கை இருக்கே, அது கை இல்ல. லட்சுமிக்கு அவ போடுற கன்னம், தொட்டா அமுங்கிடுமோன்னு இருக்கும். எங்களுக்கு ஆடிப்பெருக்கு அன்னைக்கு ஆல்பம் வெளியாகணும், வருஷத்துக்கு அந்த ஒரு நாள்தான். அடுத்த வருஷக் காலண்டருக்கான படத்தையெல்லாம் தைச்சு அன்னைக்கு ஏஜெண்டுக கையில குடுப்போம். அவங்க ஊர் ஊராக் காட்டித்தான் ஆர்டர் பிடிப்பாங்க. அந்த ஆல்பத்துல பாதி கனி கைதான். ஏஜெண்டுக வந்து, "அந்தப் பொண்ணு போட்ட முருகன் எங்க?"ன்னு கேட்டு வாங்குவாங்க.

வாய்தான் கொஞ்சம். துடுக்குன்னு சொல்ல மாட்டேன். சிரிச்சுக்கிட்டே பேசும். அதுதான் ஆபத்து.

போன வருஷம் சித்திரையில நடந்தது. டிசைன் ரூம்ல பால்பாண்டின்னு ஒரு பையன், கை சுமார். அவன் ஏதோ தட்டப் போக, பொது இடத்துல இருந்த ஒரு சரஸ்வதி காணாமப் போச்சு. முதலாளி வந்து நிக்கிறார். எல்லாரும் நிக்கிறோம். கனி சிரிச்சுக்கிட்டே சொல்லுது, "அவனைத் திட்டாதீங்க முதலாளி. அண்ணாச்சி ஊருக்கே ஏழு போட்டு வச்சிருக்காரு. கடை ஷட்டரைத் தூக்கி விட்டுட்டுக் கல்லாவுல சாவிய வச்சிட்டுப் போன கதை இது."

முதலாளி சிரிச்சார். பால்பாண்டியும் சிரிச்சான், தப்பிச்ச சந்தோசத்துல. நானும் சிரிச்சேன். எனக்குக் கோவமே வரல தம்பி. எம் பேத்தி வயசு. அது மேல கோவப்பட்டு நான் என்ன செய்யப் போறேன்? நல்லதைத்தானே சொல்லுச்சு? அன்னைக்குச் சாயங்காலமே அது சொன்னதைச் செஞ்சேன். ஊருக்கு இருந்த ஏழை அஞ்சாக்கினேன். கூட்டத்துக்கு மட்டும் ஏழு. டிசைன் கூட்டம்னு ஒண்ணு வச்சு எல்லார் பேரையும் சேர்த்தேன்.

கனி பேரை மட்டும் சேர்க்கல.

அதுல ஒரு வேடிக்கை பாருங்க. கூட்டத்துல பேர் இருக்கா இல்லையாங்கிறது அப்பவே தெரியாது. மறுநாள் வந்து பேரும் பாஸ்வேர்டும் அடிச்சு உள்ள நுழையிறப்பதான் தெரியும். காலையில வந்துச்சு. ஒரு அம்மன் படத்தைத் திறந்து மத்தியானம் வரைக்கும் வேலை பாத்துச்சு. சேவ் பண்ணப் போனா, அனுமதி இல்லைன்னுடுச்சு. மறுபடி தட்டுது. எனக்கு இங்கன கேக்குது. டக் டக். டக் டக். அது வந்து, "அண்ணாச்சி, சேவ் ஆக மாட்டேங்குது"ங்குது.

"உன் மெஷின்ல என்ன கோளாறோ, பாப்போம்மா"ன்னேன். அன்னைக்கு அதுவரைக்கும் பாத்த வேலை போச்சு.

ஒரு வாரத்துல கண்டுபிடிச்சிடுச்சு, புத்திசாலி. "அண்ணாச்சி, எம் பேரு டிசைன் கூட்டத்துல இல்ல. சேர்த்து விடுங்க."

"சேர்த்துட்டாப் போச்சு"ன்னு சேர்த்தேன். சாயங்காலம் அது போனதும் எடுத்துட்டேன். ஏன் எடுத்தேங்கிறீங்களா? பாதுகாப்பு. அதுதானே சொல்லுச்சு, ஷட்டரைத் தூக்கி விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு? மறுநாள் காலையில வந்து கேட்டுச்சு. சேர்த்தேன். சாயங்காலம் எடுத்தேன். அப்படியே வழக்கமாகிப் போச்சு. காலையில பேக்கைத் தோள்ல இருந்து இறக்காம நேரா இந்த மேசைக்கு வரும். முதல்ல சிரிச்சுக்கிட்டுத்தான், "அண்ணாச்சி, நடை திறக்கலாமா?"ன்னு கேக்கும். அந்தக் கிண்டல் இருக்கிற வரைக்கும் நான் ஏதாவது வேலை வச்சுக்கிடுவேன். இங்க் டப்பாவை எண்ணுவேன். போன் பேசுவேன். அது நிக்கும். பால்பாண்டி அந்தப் பக்கம் போறப்போ, "என்ன கனி, இன்னைக்கு மண்டபமா தெருவா?"ம்பான். ரூமே சிரிக்கும்.

கொஞ்ச நாள்ல கிண்டல் போச்சு. "அண்ணாச்சி, திறந்து விடுங்க." அப்புறம் அதுவும் போச்சு. வெறும், "அண்ணாச்சி." அம்புட்டுத்தான். தலை குனிஞ்சு, கையைக் கட்டி. என்ன மரியாதை தெரியுமா தம்பி! பெத்தவங்க கத்துக் குடுக்காததை நான் ஒத்த வரியில கத்துக் குடுத்தேன். நாளைக்கு உங்க வீட்டுக்கு வந்தா அந்தப் பழக்கம் உங்களுக்குத்தானே உதவும்?

ஒரு தடவை முதலாளிகிட்டப் போய்ச் சொல்லிடுச்சு. என்னைத் தாண்டி. முதலாளி போன்ல ஜோயலைப் பிடிச்சு சத்தமா வச்சார், எல்லாருக்கும் கேக்குற மாதிரி. ஜோயல் அங்கிருந்தே ஏதோ தட்டிப் பாத்துட்டு, "சார், இது கோளாறு இல்ல. தினம் சாயங்காலம் அந்த அக்கா பேரை எடுக்குறாங்க, காலையில சேர்க்குறாங்க. கைவேலை சார்"ங்கிறான்.

முதலாளி என்னைப் பாத்தார். "ஏன் அண்ணாச்சி?"

"பாதுகாப்புக்கு முதலாளி."

"அப்பச் சரி. அண்ணாச்சி ஒண்ணு செஞ்சா காரணம் இருக்கும். நீ போய் வேலையப் பாரும்மா."

கனி அங்கயே நின்னுச்சு கொஞ்ச நேரம். அவர் வேற ஃபைலை எடுத்துட்டார். அதுக்கப்புறம் ஜோயலை நாங்க கூப்பிடுறதில்ல. வெளியூர்ல உக்காந்துக்கிட்டு நம்ம வீட்டு விஷயத்தைப் பேசுற ஆளு எதுக்கு?

அந்த வைகாசியில கனி ஒரு முருகன் போட்டுச்சு. குழந்தை முருகன், மயில் கழுத்தைக் கட்டிக்கிட்டுத் தூங்குற மாதிரி. நான் எத்தனையோ முருகன் அச்சடிச்சுத் தள்ளியிருக்கேன், அன்னைக்குத்தான் தம்பி முதல் தடவையா ஒரு படத்தைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். பொய் சொல்லல. அதே சாயங்காலம் அந்தப் படத்துக்குச் சொந்தக்காரன் பேரை மாத்தினேன். அதுக்கும் ஒரு வரி இருக்கு. கனி பேரு போய் பால்பாண்டி பேரு வந்துடுச்சு. முதலாளி பட்டியலைத் திறந்து பாத்துட்டு, "அட, பால்பாண்டியா இது! பய தேறிட்டானே!"ன்னு முதுகுல தட்டினார். பால்பாண்டி என்னைப் பாக்குறான். நான், "வாங்கிக்கிடு"ன்னு கண்ணைக் காட்டினேன். பாவம், அவனையும் யாராவது ஒரு தடவை தட்டிக் குடுக்க வேண்டாமா? முருகன் யார் போட்டா என்ன, முருகன்தானே?

கனி அழல. அதுதான் எனக்குச் சங்கடமாப் போச்சு. அழுதிருந்தா அப்பவே திருப்பி மாத்தியிருப்பேன். நான் அப்படிப்பட்ட ஆளு.

மறுநாள்ல இருந்து என் மேசைக்கு வர்றதை நிறுத்திடுச்சு. கேக்காம எப்படிச் சேர்க்கிறது? நானும் நிறுத்திட்டேன். அது பாட்டுக்கு அதோட சொந்த ரூமுக்குள்ள வேலை பாத்துச்சு. கதவுக்கு ஏழு, பூஜ்யம், பூஜ்யம் போட்டுக்கிட்டு. தனக்கு மட்டும் எல்லாம், கூட்டத்துக்கும் ஊருக்கும் ஒண்ணுமில்ல. எனக்கு அந்தப் பூட்டெல்லாம் கிடையாது, நான் நினைச்சா எந்த ரூமுக்குள்ளயும் போகலாம். ஆனா போகல. பொம்பளைப் பிள்ளை பெட்டியைத் திறந்து பாக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது தம்பி. அந்த நாகரிகம் என்கிட்ட உண்டு.

ஆனி கடைசியில ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வந்து நின்னுச்சு. "அண்ணாச்சி, நான் வேலையில இருந்து நின்னுக்கிறேன். சென்னையில ஒரு இடம் பாத்திருக்கேன்."

"சந்தோசம்மா"ன்னேன். மனசாரத்தான் சொன்னேன்.

அதுக்கப்புறமும் ஏதோ சொல்லிக்கிட்டிருந்துச்சு. நாளைக்கு வெள்ளிக்கிழமை, கண்ணுன்னு ஏதோ, படம்னு ஏதோ. அந்த நேரம் பாத்து ரெண்டாம் நம்பர் மெஷின்ல ஒரு பேரிங் கீச்சுக் கீச்சுன்னு கத்த ஆரம்பிச்சுது. என் காது அங்க போயிடுச்சு. "சரிம்மா, சரிம்மா"ன்னேன். அதுவும் தலையை ஆட்டிட்டுப் போயிடுச்சு.

அது போனதும் கறுப்புத் திரையைத் திறந்தேன். வேலைய விட்டுப் போனவங்க அக்கவுண்டை வச்சிருக்கக் கூடாது. ஜோயலே சொல்லியிருக்கான். அக்கவுண்டை எடுக்கிறதுக்கு ஒரு வரி. அதோட ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்து அடிச்சா, அவங்க ரூமும் உள்ள இருக்கிறதும் சேர்ந்து போயிடும். சேர்த்து அடிச்சேன். ஆள் போன பிறகு சாமான் எதுக்கு? வீட்டைக் காலி பண்ணினா கூட்டிப் பெருக்கித்தானே விடுவோம்?

திரை ஒண்ணும் சொல்லல. சரியாச் செஞ்சிருக்கேன்னு அர்த்தம்.

மறுநாள் காலையில பாத்தா கனி வருது. தலைக்குக் குளிச்சு, பூ வச்சு, நெத்தியில திருநீறு. எனக்கு அப்பத்தான் ஞாபகம் வருது. அந்தப் பொண்ணுக்கு ஒரு பழக்கம். எந்தச் சாமி போட்டாலும் கண்ணை மட்டும் வரையாம வச்சிருக்கும். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிச்சிட்டு வந்துதான் கண் திறக்கும். அதோட தாத்தா கோயிலுக்குச் சுதை வேலை பாத்தவராம், அவர்கிட்ட இருந்து வந்த வழக்கம். கண் திறக்காத சாமிய வெளிய வைக்கக் கூடாதும்பா.

அது இடத்துல போய் உக்காந்து பேரை அடிச்சுச்சு. பாஸ்வேர்டு அடிச்சுச்சு. எனக்கு அந்தச் சத்தம் தெரியும் தம்பி, யார் யார் எப்படித் தட்டுவாங்கன்னு இங்கிருந்தே சொல்லுவேன். கனி மெதுவா ஆரம்பிச்சு கடைசி எழுத்தைப் படக்குன்னு வைக்கும். சரியாத்தான் அடிச்சுது. பேரோ பாஸ்வேர்டோ தப்புன்னு வந்துச்சு. மறுபடி அடிச்சுது, ஒவ்வொரு எழுத்தாப் பாத்துப் பாத்து. தப்பு. கையைச் சேலையில துடைச்சுக்கிட்டு மறுபடி. தப்பு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். நடுவுல போய்ச் சொன்னா பிள்ளை மனசு கஷ்டப்படும், தானாத் தெரிஞ்சுக்கிட்டும்னு விட்டேன். அதுக்கு ஒரு டீ சொன்னேன்.

டீ ஆடை கட்டுற வரைக்கும் அடிச்சுது.

அப்புறம் என் மேசைக்கு வந்துச்சு. ரொம்ப நாள் கழிச்சு. "அண்ணாச்சி, உள்ள விட மாட்டேங்குது."

"நீதான் இல்லையேம்மா. வேலைய விட்டாச்சுல்ல? அக்கவுண்டை எடுத்தாச்சு."

"ரூம்ல இருந்தது?"

"அதுவும் சேர்ந்துதான் போகும். அதான் முறை."

"அண்ணாச்சி, ஆல்பத்துக்கு நான் போட்டது பூராவும் அதுலதான் இருந்துச்சு. நேத்துச் சொன்னேனே. இன்னைக்குக் கண் திறந்து பொதுவுல வச்சிட்டுப் போறேன், என் படத்துல ஒரு காப்பி மட்டும் எடுத்துக்கிறேன்னு உங்ககிட்டச் சொன்னேனே. சரின்னீங்களே."

"ஆல்பம் ஆல்பத்துலதானேம்மா இருக்கணும்? உன் ரூம்ல எதுக்கு வச்ச?"

"நீங்கதான அதைப் பூட்டி வச்சிருக்கீங்க."

பாத்தீங்களா? கடைசி நாள்லயும் எதிர்த்துப் பேச்சு.

காப்பி எடுக்கிற டிஸ்க் ஒண்ணு தனியா உண்டு. பால்பாண்டி ஓடிப்போய்ப் பாத்தான். அது நிரம்பிப் போச்சுன்னு சித்திரையில இருந்து கீ கீன்னு கத்திக்கிட்டே இருந்துச்சு. எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. மெஷின் சத்தம் ஒண்ணும் கேக்க விடாது. ஒயரை உருவி வச்சிருந்தேன். சித்திரைக்கு அப்புறம் போட்டது அதுல ஒண்ணும் இல்ல.

கனி தரையில உக்காந்துடுச்சு. நாற்காலி இருக்கும்மா, மேல உக்காருன்னேன். கேக்கல. சென்னையில புதுசாப் போட்ட கைவேலையக் காட்டச் சொல்லியிருக்காங்களாம், காட்ட ஒண்ணும் இல்லையாம். ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருந்துச்சு, அந்த மயில் முருகன். அதுவும் பால்பாண்டி பேர்ல.

ஆடிப்பெருக்கு வந்துச்சு. ஆல்பம் போட்டோம். பழைய படத்துல நிறத்தை மாத்தி, பச்சைச் சேலைய நீலமாக்கி, சமாளிச்சோம். ஏஜெண்டுக லேசுப்பட்டவங்களா? புரட்டிப் பாத்துட்டு, "என்ன முதலாளி, போன வருஷத்து லட்சுமி இந்த வருஷம் சேலை மாத்திக்கிட்டு வந்திருக்கு?"ன்னு மூஞ்சிக்கு நேராக் கேட்டுட்டாங்க.

முதலாளிக்கு எல்லாம் தெரியும் தம்பி. அன்னைக்கே சொல்லிட்டேன், நான் மறைக்கிற ஆளா? அவர் ஏஜெண்டுகளை உக்கார வச்சிட்டு என்னை உள்ள கூப்பிட்டுச் சொன்னார்: "நாம அழிச்சோம்னு சொன்னா பிரஸ் பேரு போயிடும் அண்ணாச்சி. அவ அழிச்சான்னு சொன்னா அவ பேருதானே."

வெளிய போய், வேலைய விட்ட பொண்ணு ஆத்திரத்துல அழிச்சிட்டுப் போயிடுச்சுன்னு சொன்னார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. நான் பேசல. தலையக்கூட ஆட்டல. பொய் சொல்றது எனக்குப் பழக்கமில்ல. அதுக்கு ஆத்திரம் இருந்தது நெசம். படம் போனது நெசம். ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது அவங்க.

அதுக்கப்புறம் எந்த பிரஸ்லயும் கனியை எடுக்கல. யார் எடுப்பா? அவங்க அம்மா ஒரு நாள் வந்தாங்க. "எம் மக அழிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணாச்சி, நாலு பேருக்குத் தெரியிற மாதிரி"ன்னாங்க. வெயில்ல வந்திருந்தாங்க. உக்கார வச்சு, மோர் வாங்கிக் குடுத்து, போறப்போ பெரிய சைஸ்ல ஒரு காலண்டர் சுருட்டிக் குடுத்து விட்டேன். மயில் முருகன் படம். நல்லா வந்திருந்துச்சு.

இதுதான் தம்பி நடந்தது. ஒரு புள்ளி குறைக்கல.

ஏன் எந்திரிக்கிறீங்க? கோவமா? என்மேலயா? நல்லா இருக்கே! நான் என்ன செஞ்சேன்? முறைப்படி ஒரு அக்கவுண்டை எடுத்தேன். சாமான் எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?

யாருக்குப் போன் போடுறீங்க? உங்க மச்சானுக்கா? மாப்பிள்ளையோட அப்பா? பேசுங்க, பேசுங்க. நானே பேசணுமா? அந்தப் பொண்ணு அழிக்கலைன்னு என் வாயாலயே சொல்லணுமா? சொல்லுங்கங்கிறீங்க, அதுக்கென்ன, குடுங்க. ஒரு பிள்ளைக்கு நல்லது நடக்குதுன்னா நான் ஏன் மாட்டேங்கப் போறேன். அந்தக் கதவை மட்டும் சாத்தி விடுங்க, முதலாளி ரூம் பக்கத்துலதான்.

ஹலோ. வணக்கம் அண்ணாச்சி. நான் அய்யாத்துரை பேசுறேன், சிவகாசி பிரஸ்ல இருந்து. ஆமா, உங்க மச்சான் என் எதிர்லதான் இருக்கார். பொண்ணு தங்கம் அண்ணாச்சி. கண்ணை மூடிக்கிட்டுக் கட்டலாம். அடக்கம்னா அப்படி ஒரு அடக்கம். என் மேசைக்கு முன்னால வந்து கையைக் கட்டி நிக்கிற அழகைப் பாத்தீங்கன்னா...

என்னது? அதுவா. அந்தப் படம் அழிஞ்ச விஷயமா.

அதை எதுக்கு அண்ணாச்சி இப்பக் கிளறிக்கிட்டு? சின்னப் பிள்ளை. விடுங்க. முதலாளியும் நானும் அதை எப்பவோ மன்னிச்சிட்டோம்.

ஹலோ? ஹலோ?

இந்தாங்க தம்பி. கட்டாயிடுச்சு. இந்த ரூமுக்குள்ள சிக்னல் எப்பவுமே இப்படித்தான். ஆனா சொல்லிட்டேன், முடிஞ்ச வரைக்கும் நல்லபடியாத்தான் சொல்லியிருக்கேன். பொண்ணுகிட்டயும் சொல்லுங்க, அண்ணாச்சி விட்டுக் குடுக்கலைன்னு.